மொறிஸ் மைனரை வாழவைத்தோர்

இலங்கையின் மோட்டார் வண்டி வரலாறு பற்றி எழுதப்பட்டவை மிகுதியல்ல. அவற்றுள் நம் கைக்கு எட்டியவற்றைப் புரட்டிப் பார்த்தால் ஓர் ஒற்றுமை புலப்படும். இன்ன ஆண்டில் இன்ன வண்டி வந்தது. அதைத் தருவித்தவர் இன்ன தோட்டத்துரை, இன்ன முதலியார், இன்ன நியாயவாதி. அது இன்றும் இன்னாருடைய பேரனிடம் பளபளப்புக் குன்றாமல் இருக்கின்றது. இவ்வளவே செய்தி. அறுபது எழுபது ஆண்டுகளாக அந்த வண்டியை ஓடவைத்தவர் யார், அதன் அடியிலே மல்லாந்து கிடந்து கிறீசும் துருவும் கண்ணில் விழப் பழுதுபார்த்தவர் யார் என்ற கேள்வி அந்த ஏடுகளில் எழுவதே இல்லை. அரண்மனையைக் கட்டியவன் பெயரைக் கேளாமல் கட்டுவித்தவன் பெயரை மட்டும் மனனஞ் செய்விக்கும் பள்ளிக்கூட வரலாற்றுக்கும் இதற்கும் என்ன வேற்றுமை?

இக்கேள்வி நமக்கு நூலிலிருந்து பிறந்ததன்று. எமது நண்பருக்கு அவருடைய தாய்வழிப் பாட்டனார் விட்டுச்சென்ற 1954ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் ஒன்று உண்டு. வெள்ளவத்தையில் வாங்கப்பெற்று, பின்னர் கொட்டாஞ்சேனையில் உறவினர் வீட்டுக் கொட்டகையொன்றில் நெடுங்காலம் கிடந்த அந்த வண்டியை, நண்பரும் நாமும் சேர்ந்து அண்மைய ஆண்டுகளில் அக்கம்பக்கத்துக் கராஜ் ஒன்றிலே பிரித்துப் பூட்டினோம். பிரித்தவர்கள் நாங்கள், பூட்டியவர் பாஸ். தமிழ் படித்துவிட்டுப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியத் தொழில் புரியும் நமக்கு இயந்திரம் அந்நியம். ஆயினும் ஏட்டுச்சுவடியைப் படிப்பதுபோல ஒரு பழைய வண்டியையும் படிக்கலாம் என்பதை அங்கே கற்றோம். அப்படிப் படித்ததையே இங்கு எழுதுகின்றோம்.

வண்டிக்கு முன்னே ரயர் வந்தது என்று சொன்னால் வாசகர் நகைக்கலாம். இலங்கையைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் உண்மை. பிறேசில் நாட்டிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட விதைகளை லண்டன் கியூ தோட்டத்தில் முளைக்கவைத்து, அந்தக் கன்றுகளை 1876ஆம் ஆண்டில் கம்பஹாவுக்கு அண்மையிலுள்ள ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நட்டார்கள். இலங்கையின் இறப்பர் அங்கே தொடங்கியது. இந்த நாட்டு மோட்டார்ச் சொந்தக்காரர்கள் தமக்கென ஒரு சங்கம் அமைத்துக்கொண்டது 1904ஆம் ஆண்டிலே. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மோட்டார் வண்டி பெருகப் பெருக இறப்பரின் விலை ஏறியது; 1910ஆம் ஆண்டளவில் அந்த விலை உச்சத்தைத் தொட்டபோது களனிப் பள்ளத்தாக்கின் காடுகள் அழிந்து இறப்பர்த் தோட்டங்களாயின. தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர் அங்கும் குடியமர்த்தப்பட்டனர். விடியுமுன் பட்டையைக் கீறிப் பால் எடுத்தவள் அவள். தாளாக உலர்த்திக் கட்டிக் கொழும்புத் துறைமுகத்தில் கப்பலேற்றியவன் அவன். அந்த இறப்பர் பேர்மிங்காமுக்குப் போய் ரயராகித் திரும்பி வந்தது. பால் எடுத்தவளின் ஒரு மாதக் கூலி அந்த ரயரின் ஓரத்தைக்கூட வாங்கப் போதாது. குடியேற்ற நாட்டுப் பொருளாதாரம் என்று மாணவருக்கு ஒரு பாடம் முழுவதும் விளக்கவேண்டியதை ஒரு ரயரைச் சுட்டிக்காட்டி ஐந்து நிமிடத்தில் விளக்கிவிடலாம்.

மொறிஸ் மைனர் உலகுக்கு அறிமுகமானது 1948ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், லண்டன் மோட்டார்க் கண்காட்சியிலே. அதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், 1906இல் சிமிர்னா நகரில் பிறந்து, அந்நகரைப் போர் சூழ்ந்தபோது அகதியாக வெளியேறிப் பிரித்தானியா சேர்ந்தவர். சிறு வருவாய்க்காரனும் வாங்கத்தக்க, ஆயினும் மலிவுச் சரக்கென்று தோன்றாத ஒரு வண்டி வேண்டும் என்பது அவர் எண்ணம். கம்பனியின் அதிபரான நஃபீல்ட் பிரபு அதனை உடைத்து அவித்த முட்டைக்கு ஒப்பிட்டு ஏளனம் செய்தாராம். வேலை முடியும் தறுவாயில், வண்டி ஒடுங்கலாய் இருக்கின்றதே என்று இசிகோனிசுக்குத் தோன்றியது. மாதிரி வண்டியை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, இரு பாதிகளையும் நான்கு அங்குலம் தள்ளிவைத்து, இதுதான் சரி என்றார். மைனரின் முன்மூடியின் நடுவே தட்டையாக ஓடும் பட்டை அந்த நான்கு அங்குலமே. அழகு என்று பலர் மெச்சுவது உண்மையில் ஓர் ஒட்டு. இத்தகவலை நாம் சொன்னபோது பாஸ் வியப்படையவில்லை. வெட்டி ஒட்டாமல் எந்த வண்டி உருவாகியிருக்கிறது என்பது அவர் கருத்துப் போலும்.

அதே ஆண்டு நவம்பர் மாதத்தில்தான் இலங்கைப் பாராளுமன்றம் நிறைவேற்றிய குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தேயிலை பறித்தவரும் இறப்பர்ப் பால் எடுத்தவருமான இலட்சக்கணக்கான மலையகத் தமிழர் ஒரே சட்டத்தால் நாடற்றோராயினர். ரயருக்குப் பால் தந்தவள் அந்நியளானாள். சீமையிலிருந்து வந்த வண்டியோ பதிவு எண் பெற்றுக் கொழும்பு வீதியில் உரிமையோடு ஓடியது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பில்லை என்பது நமக்குத் தெரியும். இருந்தாலும் இரண்டையும் அருகருகே வைத்து நோக்காமல் இருக்க முடியவில்லை.

நண்பரின் பாட்டனார் அரசாங்க எழுதுவினைஞர். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு உத்தியோகம் பார்க்க வந்து, வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையொன்றில் வாடகைக்கு இருந்து, பின் வீடு வாங்கிய தலைமுறையைச் சேர்ந்தவர். அந்தத் தலைமுறைக்குக் கார் என்பது ஊருக்குக் காட்டும் சான்றிதழ். 803 கன சென்றிமீற்றர்ப் பொறியும், நடுவே பிரிந்த முன்கண்ணாடியும், திரும்பும்போது பக்கத்திலிருந்து நீண்டு எழும் சிறு கைகாட்டியும் கொண்ட அந்த வண்டியில் அவர் ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்குப் போய்வந்தார் என்று நண்பரின் தாயார் சொல்வார்.

அதன் இலக்கத்தகட்டில் இருப்பவை ஆங்கில எழுத்துகள் இரண்டு. அக்காலத்தில் ‘சிலோன்’ என்ற நாட்டின் பெயரிலுள்ள ஆங்கில எழுத்துகளை மாற்றி மாற்றிக் கோத்து வண்டிகளுக்கு வழங்கினார்கள். 1956ஆம் ஆண்டின் தனிச்சிங்களச் சட்டத்தைத் தொடர்ந்து அந்த எழுத்துகளின் இடத்தில் சிங்கள ‘ஸ்ரீ’ புகுந்தது. ஒரு தகட்டின் மீது எழுதப்பட்ட ஓர் எழுத்துக்காக நாடே தீப்பற்றிக்கொள்ளும் என்று அதை எழுதியவர் நினைத்திருக்கமாட்டார். தமிழரசுக் கட்சியின் தொண்டர்கள் சிங்கள ஸ்ரீயை அழித்துத் தமிழ் ஸ்ரீயை எழுதினர். தெற்கிலே தமிழ்ப் பெயர்ப்பலகைகள் மீது தார் பூசப்பட்டது. (ஸ்ரீ என்பது வடசொல், தமிழில் அதை எழுதக் கிரந்த எழுத்து வேண்டும். நமக்குரிய சொல் ‘திரு’. மொழிப் போரில் இரு தரப்பும் உரிமை கொண்டாடியது இருவருக்கும் சொந்தமல்லாத ஒரு சொல்லுக்கு என்பதைத் தமிழ் படித்தவன் குறிப்பிடாமல் விடலாகாது.)

இதில் இடதுசாரிகளாகிய நாம் சற்று நின்று சிந்திக்கவேண்டிய இடம் ஒன்றுண்டு. 1958 சனவரி முதலாந் திகதி தனியார் பஸ் கம்பனிகள் அரசுடைமையாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை பிறந்தது. தொழிலாளி வர்க்கம் நெடுநாளாகக் கேட்ட கோரிக்கை அது. இன்றும் அதனைச் சரியென்றே சொல்வோம். ஆனால் அதே ஆண்டு மார்ச்சில் அச்சபையின் பஸ் வண்டிகள் யாழ்ப்பாணம் வந்தபோது அவற்றின் நெற்றியில் சிங்கள ஸ்ரீ இருந்தது. முற்போக்கான ஒரு நடவடிக்கை பேரினவாதத்தின் முத்திரையைக் குத்திக்கொண்டு வடக்கே வந்தது. தமிழ் மக்கள் தகட்டைக் கண்டார்கள். உடைமை மாற்றத்தைக் காணவில்லை. அவர்களைக் குறைசொல்லிப் பயனில்லை. தகடுதான் கண்ணுக்குத் தெரிந்தது. ஏப்ரல் 9ஆந் திகதி பண்டாரநாயக்கா–செல்வநாயகம் ஒப்பந்தம் கைவிடப்பட்டது. மே மாத இறுதியில் நாடெங்கும் கலவரம். அந்நாள்களில் நண்பரின் பாட்டனார் வண்டியை வீட்டின் பின்புறம் தள்ளி நிறுத்தி ஓலைக்கிடுகு போட்டு மூடினாராம். ஆங்கில எழுத்துடைய தகடு யாரையும் புண்படுத்தாது; ஓட்டுபவரின் முகமும் பேச்சும் காட்டிக்கொடுக்குமே!

1960களின் தொடக்கத்தில் நாட்டின் அந்நியச் செலாவணி வறண்டது. தேயிலையும் இறப்பரும் தேங்காயும் விற்ற காசு அரிசிக்கும் மாவுக்கும் போதவில்லை. இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தபோது முதல் அடி விழுந்தது மோட்டார் வண்டியின் மீதே. விழவேண்டிய இடமும் அதுவே. மக்கள் சோறின்றி இருக்கையில் கார் எதற்கு? பெற்றோல் விநியோகத்தில் வெளிநாட்டுக் கம்பனிகளின் பிடியைத் தளர்த்த அரசு பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தை அமைத்தது. 1962இல் கம்பனிகளின் சொத்துகள் கையேற்கப்பட்டன. 1963 பெப்ரவரியில் அமெரிக்கா உதவியை நிறுத்தித் தன் கோபத்தைக் காட்டியது. களனியிலே சோவியத் உதவியோடு ரயர்த் தொழிற்சாலை எழுந்தது. ஹெனரத்கொடையில் முதற்கன்று நட்டு ஏறத்தாழத் தொண்ணூறாண்டுகளுக்குப் பின்னர் இலங்கை இறப்பர் இலங்கையிலேயே அரசின் ஆலையில் ரயராகியது.

புதிய வண்டி வராது. உதிரிச் சாமானும் அரிதாகவே வரும். அப்படியானால் இருப்பதை ஓட்டவேண்டும். 1977இல் சந்தை திறந்துவிடப்பட்டு ஜப்பானிய வண்டிகள் குவியும்வரை, ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள், ஒஸ்ரின் ஏ-40களும் மொறிஸ் மைனர்களும் இந்நாட்டில் சாகாமல் இருந்ததற்கு ஒரே காரணம் பாஸ்மார்.

பாஸ் என்ற சொல்லைச் சற்று விளக்குவோம். ஒல்லாந்தரின் ‘பாஸ்’ என்ற சொல், தொழிலில் தலைவன், எசமான் என்னும் பொருளுடையது. அமெரிக்காவில் குடியேறிய ஒல்லாந்தர் வாயிலாக ஆங்கிலத்துக்குச் சென்று அங்கே முதலாளியைக் குறிக்கும் சொல்லாயிற்று. இலங்கையில் ஒல்லாந்தர் விட்டுச்சென்ற அதே சொல் நேரெதிர்த் திசையில் இறங்கியது. இங்கே மேசன் பாஸ், தச்சுப் பாஸ், கராஜ் பாஸ் என்றால் முதலாளியல்லன். கைத்திறன் உடைய உழைப்பாளி. சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் மலாயரும் பறங்கியரும் அவனை ஒரே பெயரால் அழைக்கின்றனர். உலகில் ஒருபுறம் சுரண்டுவோனுக்கு வழங்கிய பட்டம் இத்தீவில் உழைப்போனுக்கு வழங்கலாயிற்று. அகராதிக்காரர் கவனிக்கத்தக்க செய்தி இது.

மருதானையை அடுத்த பஞ்சிகாவத்தை பாஸ்மாரின் பண்டகசாலை. பழைய வண்டிகளை உடைத்துப் பாகம் பாகமாக விற்கும் கடைகள் அங்கே வரிசையாக உண்டு. எந்த வண்டியின் எந்த உறுப்பு எந்த வண்டிக்குப் பொருந்தும் என்ற அறிவு அங்குள்ளோர் விரல்நுனியில் இருக்கின்றது. அங்கும் கிடைக்காததைக் கடைசற்பட்டறையில் கடைவார்கள், வார்ப்படம் வார்ப்பார்கள், தகரத்தை மணல் மூட்டை மேல் வைத்துத் தட்டி வளைப்பார்கள். எமது மைனரைப் பிரித்தபோது அதன் உடலெங்கும் இந்த மரபின் தடயங்கள். தரைத்தகட்டின் துருப்பிடித்த பகுதியை எண்ணெய்ப் பீப்பாயின் தகரத்தால் ஒட்டியிருந்தார்கள்; சுரண்டியபோது பீப்பாயின் எழுத்துகள் பாதி தெரிந்தன. வண்ணப்பூச்சு ஐந்து அடுக்கு. சாம்பல், பச்சை, மறுபடி சாம்பல், கறுப்பு, வெள்ளை எனக் கீழிருந்து மேலாக வந்தது. அகழ்வாராய்ச்சிக்காரர் மண்ணடுக்கைப் படிப்பதுபோல நண்பர் அதைப் படித்தார். முன்சக்கரத்தைத் தாங்கும் கீழ்மூட்டு மைனருக்குப் பிறவிக் குறை. கிறீஸ் பிந்தினால் தேய்ந்து கழன்று சக்கரம் மடிந்துவிடும். எமது வண்டியின் இடப்புற மூட்டு இங்கிலாந்தில் செய்தது. வலப்புற மூட்டு இங்கே கடைந்தது. அளவுகோலால் அளந்தோம். வேற்றுமை சொல்ல முடியவில்லை.

எம்முடைய பாஸ் சிங்களவர், எழுபதைக் கடந்தவர். இளமையில் மருதானையில் ஒரு தமிழ்ப் பாஸிடம் கையாளாகச் சேர்ந்தவராகையால் தமிழ் சரளமாகப் பேசுவார். ஒரு நாள் நாம் பீப்பாய்த் தகரத்தைக் காட்டி இது என்ன கோலம் என்று கேட்டபோது அவர் சொன்னார்: “இங்கிலீஷ்காரன் செஞ்சது பாதி வண்டிதான் மாஸ்டர். மத்தப் பாதி நம்ம ஆளுங்க செஞ்சது.”

இதைக் கேட்டு மனம் நெகிழ்ந்து பாஸ்மாரின் திறமையைப் பாடிவிட்டு நிறுத்திக்கொள்வது எளிது. அது நேர்மையாகாது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுக் கராஜுக்கு வந்த சிறுவர்கள் அவர்கள். சில ஆண்டுகள் சாப்பாடும் அடியுமே கூலி. சேமலாப நிதியும் இல்லை, ஓய்வூதியமும் இல்லை. அக்காலத்துப் பிறேக் உறைகளில் கல்நார் இருந்தது; அந்தத் தூசியை வாயால் ஊதித் துடைத்தவர்கள் அவர்கள். அது நுரையீரலுக்கு நஞ்சு என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. பெற்றோலில் ஈயம் கலந்திருந்த காலத்தில் குழாயை வாயில் வைத்து உறிஞ்சினார்கள். எம்முடைய பாஸுக்குக் கீழ்ப்படியேறினாலே மூச்சு வாங்கும். எதனால் என்று வைத்தியர் அல்லாத நாம் சொல்லத் துணியவில்லை. துறைமுகத் தொழிலாளிக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் இந்நாட்டில் சங்கம் இருந்தது. வேலைநிறுத்த வரலாறும் உண்டு. சிறு கராஜ்களில் இரண்டு மூன்று பேராகச் சிதறிக்கிடந்த பாஸ்மாரை நமது தொழிற்சங்க இயக்கம் எட்டவேயில்லை. எட்ட முயன்றதாகவும் நமக்குத் தோன்றவில்லை.

வண்டியின் அடியிலே கண்ட இன்னொரு தடயத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். பெற்றோல் தொட்டியின் அடிப்பாகத்தில் கசடை வடிப்பதற்கென ஒரு திருகு உண்டு. எமது வண்டியில் அந்தத் திருகு இங்கிலாந்தில் செய்ததன்று, பித்தளையில் கடைந்தது. அதைச் சுற்றி உளியால் தட்டிய காயங்கள். சாமான் கிடைக்காத காலத்தில் இங்கே செய்ததாக இருக்கும் என்று நாம் எண்ணினோம். நண்பரின் தாயாரிடம் கேட்டபோதுதான் விடயம் விளங்கியது.

1983 யூலை 25ஆந் திகதி வெள்ளவத்தை எரிந்தது. கும்பல்கள் வீதியில் வாகனங்களை மறித்துப் பெற்றோல் எடுத்தன. வீடுகளின் முன் நின்ற வண்டிகளிலிருந்தும் எடுத்தன. தாயார் அப்போது பள்ளி மாணவி. பின்வீட்டுச் சிங்களக் குடும்பத்தின் சமையலறையில் ஒளிந்திருந்து, மதில் இடுக்கால் பார்த்திருக்கிறார். வந்தவர்களிடம் உறிஞ்சும் குழாய் இல்லை. ஒருவன் மைனரின் அடியிலே புகுந்து திருகை உளியால் தட்டிக் கழற்றி, வாளியைப் பிடித்தான். வாளி நிறைந்ததும் கொண்டுபோனார்கள். அந்தப் பெற்றோல் எந்த வீட்டுக்குப் போயிற்று என்பதை அவர் அறியார். அவர்களுடைய வீட்டின் முன்பகுதியும் அன்று எரிந்தது. வற்றிய தொட்டியோடு நின்ற வண்டி எரியவில்லை.

கொட்டாஞ்சேனை உறவினர் சில மாதங்கள் கழிந்தபின் வண்டியைக் கட்டி இழுத்துச் சென்றார். அங்கே ஒரு கடைசற்காரர் கழன்றுபோன திருகுக்குப் பதிலாகப் பித்தளைத் திருகைக் கடைந்து போட்டார். அவர் எந்த இனத்தவர் என்று நாம் கேட்டோம். தாயார் நினைவில்லை என்றார். அந்தப் பதில் நமக்குப் பிடித்திருந்தது. பாட்டனார் அதன்பின் அந்த வண்டியை ஓட்டவேயில்லை. யாழ்ப்பாணம் திரும்பி அங்கேயே காலமானார்.

யாழ்ப்பாணத்திலே அதே இனத்துப் பழைய வண்டிகள் வேறொரு வாழ்வு வாழ்ந்தன. பாட்டனாரின் தம்பி அங்கே ஒஸ்ரின் ஏ-40 ஒன்றை வாடகைக்கு ஓட்டினார். குடும்பத்தில் வழங்கும் கதைகளில் பாதி அந்த வண்டியைப் பற்றியவை. 1990 யூனில் போர் மீண்டும் மூண்டபின் வடக்கின் மீது பொருளாதாரத் தடை இறுகியது. பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, சீமெந்து இல்லை, உரம் இல்லை. மண்ணெண்ணெய் மட்டும் அளவோடு, கொள்ளை விலையில் கிடைத்தது. புதிய ஜப்பானிய வண்டிகள் செயலற்று நின்றன. ஏ-40களும் மைனர்களும் மொறிஸ் ஒக்ஸ்போர்டுகளும் ஓடின.

ஏன் என்பதை விளங்கிக்கொள்வது கடினமன்று. பெற்றோல் எளிதில் ஆவியாகும்; மண்ணெண்ணெய் சூடேறினால்தான் ஆவியாகும். மேலும் மண்ணெண்ணெய்க் கலவையை மிகுதியாக அழுத்தினால் தீப்பொறி எழுமுன்னரே அது வெடித்துப் பொறியை உலுப்பும். பிற்காலத்து வண்டிகள் கலவையை ஒன்பது, பத்து மடங்காக அழுத்துபவை. போருக்குப் பிந்திய பிரித்தானியாவில் தரக்குறைவான பெற்றோலே கிடைத்ததால் அக்காலத்துப் பொறிகளை ஏறத்தாழ ஏழு மடங்கு அழுத்தத்துக்கே அமைத்தார்கள். 1940களில் இங்கிலாந்து அனுபவித்த பஞ்சம் 1990களில் யாழ்ப்பாணத்துக்குக் கைகொடுத்தது. யாழ்ப்பாணத்துப் பாஸ்மார் செய்தது இதுதான்: சிறிதளவு பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டுப் பொறியை முடுக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். சமையல் எண்ணெயும் சிறிது கலந்தார்கள். கறுப்புப் புகையும் கண்ணெரிவும் ஊரை நிறைத்தன. எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கிப் பொறி எண்ணெயை நீர்க்கச் செய்து உறுப்புகளைத் தின்றது. ஆயினும் வண்டி ஓடியது. பிள்ளைப்பேற்றுக்குப் பெண்ணை ஆசுபத்திரிக்குக் கொண்டுசென்றதும், குண்டுவீச்சில் காயம்பட்டவரை ஏற்றியதும், 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது முதியவர்களைத் தென்மராட்சிக்குக் கடத்தியதும் இந்த வண்டிகளே. பழைய கார் என்றதும் செல்வரின் பொழுதுபோக்கு என்று முகஞ் சுளிக்கும் தோழர்கள் இதனை அறிந்திருக்கவேண்டும்.

அதே 1990களின் தொடக்கத்தில் தெற்கிலே நடந்த ஒன்றையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் சித்திரம் முழுமையடையாது. இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர்களைப் புதுக்கி விற்ற சார்ள்ஸ் வெயர் என்பவர், வண்டியை ஆண்டுதோறும் மாற்றாமல் நெடுநாள் பேணி ஓட்டுவதே சிக்கனம் என்று 1982இலேயே எழுதியவர். அவர் இலங்கையர் ஒருவருடன் கூட்டுச் சேர்ந்து மைனரின் தகட்டுறுப்புகளை இலங்கையில் செய்யும் பட்டறையொன்றை நிறுவினார். இங்கே தட்டிய தகடுகள் கப்பலேறி இங்கிலாந்து சென்று அங்குள்ள மைனர்களின் துருவுக்கு மருந்தாயின. இறப்பரைக் கொடுத்து ரயரை வாங்கிய நாடு இப்போது தகட்டையே செய்து அனுப்பியது பெருமைதான். கைத்திறன் இங்கே உயர்ந்ததாய் இருந்ததும் கூலி குறைந்ததாய் இருந்ததும் சேர்ந்தே அந்தக் கப்பலை ஓட்டின என்பதையும் மறைக்கவேண்டியதில்லை. தெற்கில் பாத் நகரத்துக்கென மைனரின் சக்கரக்காப்பு உருவாகிக்கொண்டிருந்த நாள்களில், வவுனியாவைத் தாண்டி ஒரு பற்றரியைக் கொண்டுபோக முடியாது. ஒரே தீவு, ஒரே வண்டி.

2002 ஏப்ரலில் கண்டி வீதி திறந்ததும் கொழும்பிலிருந்து வாங்குவோர் வடக்கே வந்தனர். போரில் அழியாமல் எஞ்சிய பழைய வண்டிகளுக்குத் தெற்கிலே விலை இருந்தது. மண்ணெண்ணெய் குடித்து உயிர்காத்த வண்டிகள் லொறியேறித் தெற்கே வந்து, மினுக்கப்பட்டு, கண்காட்சிகளில் மாலை சூடி நின்றன. பாட்டனாரின் தம்பியின் ஏ-40 அவ்வாறு போனவற்றுள் ஒன்று. குடும்பத்தாருக்குக் காசு வேண்டியிருந்தது, விற்றார்கள். அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. அந்த வண்டி எங்கேனும் ஒரு கண்காட்சியில் நிற்குமானால் அதன் அருகே வைத்த பலகையில் ஆண்டும் குதிரைவலுவும் இருக்கும், 1995 இராது.

எமது வேலைக்கு வருவோம். 2020 மார்ச்சில் அரசு வாகன இறக்குமதியை மறுபடி நிறுத்தியது. அறுபதுகள் திரும்பி வந்தன. பழைய வண்டிகளின் விலை ஏறியது. நண்பரின் கொட்டகையைத் தேடித் தரகர் வந்தனர். 2021 யூலையில் சம்பள முரண்பாட்டை நீக்கக் கோரி நாடெங்கும் ஆசிரியர்களும் அதிபர்களும் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகினோம். ஏறத்தாழ நூறு நாள் நீடித்த அப்போராட்டத்தின்போது கூட்டமும் ஊர்வலமும் இல்லாத நாள்களில் நாங்கள் இருவரும் கராஜுக்குப் போனோம். 2022இல் நாடு கடனை அடைக்க முடியாதென்று அறிவித்தது. பெற்றோல் வரிசையில் மக்கள் நாட்கணக்கில் நின்றனர். நின்ற இடத்திலேயே இறந்தவரும் உண்டு. அந்த மாதங்களில் எமது வண்டிக்குப் பொறி இல்லை. அதனால் பெற்றோலும் வேண்டியிருக்கவில்லை என்று பாஸ் எங்களைத் தேற்றுவார். 2025 பெப்ரவரியில் இறக்குமதி மீண்டும் தொடங்கியபோது மைனர் ஓடத் தொடங்கியிருந்தது.

வேலை நடந்தபோது நண்பருக்கும் நமக்கும் ஒரு கருத்து வேற்றுமை எழுந்தது. வண்டி 1954இல் ஆலையை விட்டு வந்த கோலத்துக்கே திரும்பவேண்டும் என்பது நண்பர் விருப்பம். பீப்பாய்த் தகரத்தை வெட்டி எறிந்து இங்கிலாந்திலிருந்து தகடு தருவிப்போம் என்றார். பித்தளைத் திருகையும் மாற்றலாம் என்றார். பழைய வண்டிச் சங்கங்களின் விதியும் அவர் பக்கமே. ஆலையில் பிறந்தபடி இருப்பதே அவர்களுக்கு உயர்வு. நாம் உடன்படவில்லை. பாடபேதங்களை ஒப்பிட்டு மூலத்தைத் தேடும் பதிப்பாசிரியர் போல வாதிக்கிறாய் என்று நண்பரைக் கேலி செய்தோம். இந்த வண்டிக்கு மூலம் எது? 1954 மட்டுமா? 1958இல் கிடுகுக்குள் கிடந்ததும் 1983இல் வற்றியதும் இடைச்செருகலா? நண்பர் விட்டுக்கொடுக்கவில்லை. முடிவில் தரைத்தகடு இற்றுப்போயிருந்ததால் பாதுகாப்புக் கருதி மாற்றப்பட்டது. அதில் நமக்கும் மறுப்பில்லை. பீப்பாய்த் தகரத்தின் எழுத்துள்ள துண்டை நாம் எடுத்து வைத்திருக்கின்றோம். பித்தளைத் திருகை மாற்றவில்லை. அது நண்பரின் தாயார் சொன்னது. எங்கள் வாதத்தால் ஆனதன்று.

மின்னிணைப்பு வேலைக்கு வந்த இளைஞர் ஒருவர் பற்றரியை இக்கால வழக்கப்படி மாற்றிப் பூட்ட முனைந்தபோது பாஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இந்த வண்டியில் நேர்முனைதான் உடலோடு சேரும். இளைஞருக்கு அது புதுச் செய்தி. அவருக்குச் சொல்லிக்கொடுத்ததை நாம் ஒரு கொப்பியில் குறித்தோம். அன்று தொடங்கிய கொப்பி அது.

பாஸ் யாரிடம் வேலை பழகினார், அவருடைய குரு யாரிடம் பழகினார் என்று ஞாயிறுதோறும் கேட்டு எழுதிவருகின்றோம். இதுவரை பதினொரு பெயர் சேர்ந்திருக்கின்றன. தமிழர் நால்வர், சிங்களவர் நால்வர், முஸ்லிம்கள் இருவர், பறங்கியர் ஒருவர். அவர்களில் ஒருவர் 1958இல் கொழும்பை விட்டுப் போனவர். ஒருவர் 1983க்குப் பின் இராமேசுவரம் போய்த் திரும்பாதவர். இருவர் மத்திய கிழக்குக்குப் போனவர்கள். மருதானையில் எம்முடைய பாஸுக்கு முதன்முதல் ஸ்பனர் பிடிக்கக் கற்பித்த தமிழ்ப் பாஸின் முழுப்பெயர் அவருக்குத் தெரியவில்லை. எல்லோரும் பெரியபாஸ் என்றே அழைத்தார்களாம். பஞ்சிகாவத்தையில் அவரை அறிந்த முதியவர் ஒருவர் இன்னும் கடை வைத்திருக்கின்றார் என்று அறிந்து அடுத்த ஞாயிற்றுக்கிழமை அங்கே போக ஏற்பாடு செய்திருக்கின்றோம்.